தலைநகரில் மூன்று நாள்: எந்தப் பகுதியில் தங்குவது?

புது தில்லி: சென்னையிலிருந்து சுமார் 2,180 கி.மீ. தொலைவைக் கடந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லி ரயில் நிலையத்தை வந்தடையும் காலை வேளையில், பெட்டி படுக்கையுடன் இறங்கும் தமிழகக் குடும்பங்கள் நிலைய வாசலைத் தாண்டும் முன்பே ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றன. "ரூம் வேண்டுமா?" என்பதே அது. கேட்பவர் ஆட்டோ ஓட்டுநராக இருக்கலாம். விடுதித் தரகராக இருக்கலாம். முன்பதிவு செய்துவிட்டதாகச் சொன்னால், அந்த ஹோட்டல் மூடப்பட்டுவிட்டது என்றோ, அந்தச் சாலையில் போலீஸார் தடுப்பு போட்டிருக்கிறார்கள் என்றோ பதில் வரும். நம்பி ஏறுபவர்கள் வேறொரு விடுதியில் இறக்கி விடப்படுவார்கள். ஓட்டுநருக்கான தரகுத் தொகையும் அவர்களது அறை வாடகையில் சேர்ந்துவிடும்.

பயணத்துக்கு மாதக்கணக்கில் திட்டமிடுபவர்கள்கூட, தங்கும் இடத்தை மட்டும் வாடகையை வைத்தே தீர்மானித்துவிடுகின்றனர். தில்லியைப் பொருத்தவரை இது விலை கொடுக்க வேண்டிய தவறு. எந்தப் பகுதியில் அறை எடுக்கிறோம் என்பது, மூன்று நாளில் எத்தனை மணி நேரம் சாலையில் கழியும் என்பதையும், சில வேளைகளில் உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதையும் தீர்மானிக்கிறது.

நடுவில் அதிகாரம், விளிம்பில் விடுதிகள்

தில்லியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தாலே ஒரு முரண் விளங்கும். நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் மாளிகை, இந்தியா கேட் ஆகியவை அமைந்துள்ள நகரின் மையப் பகுதியில் நடுத்தரக் குடும்பம் தங்கக் கூடிய விடுதிகள் மிகக் குறைவு. அங்கு இருப்பவை ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள், அமைச்சர்களின் பங்களாக்கள், மாநில அரசுகளின் இல்லங்கள். லுட்யன்ஸ் பங்களா மண்டலம் எனப்படும் இப்பகுதியில் கட்டுமானங்களுக்கு 1988 முதல் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. தலைநகரம் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 1931 பிப்ரவரியில் புது தில்லி திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் போன்ற கிராமங்கள் கன்னாட் பிளேஸ் உள்ளிட்ட புதிய கட்டுமானங்களுக்காக அகற்றப்பட்டன. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலர் மேற்கே கரோல் பாகில் குடியமர்ந்தனர். 1947 பிரிவினைக்குப் பிறகு அகதிகளும் அங்கு வந்து சேர்ந்தனர். அதிகார மண்டலத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்கள் குடியேறிய அந்தப் பகுதிதான், அதிகார மண்டலத்தைப் பார்க்க வருவோருக்கு இன்று அறை தருகிறது.

2007-இல் நடைமுறைக்கு வந்த தில்லி பெருந்திட்டம், பழைய தில்லியுடன் பஹார்கஞ்சையும் கரோல் பாகையும் "சிறப்புப் பகுதி" என்று வகைப்படுத்தியது. குடியிருப்பும் வணிகமும் பின்னிப் பிணைந்த நெரிசல் பகுதிகள் இவை. வீடுகளாக இருந்த கட்டடங்கள் நாளடைவில் விடுதிகளாக மாறியதும், குறுகிய மனைகளில் மாடிக்கு மேல் மாடி எழும்பியதும் இப்பின்னணியில்தான்.

இறங்கும் நிலையமே முதல் கணக்கு

தமிழகத்திலிருந்து வரும் எல்லா ரயில்களும் புது தில்லி நிலையத்துக்கு வருவதில்லை. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி, சென்னையிலிருந்து வரும் ராஜதானி, துரந்தோ ஆகியவை நகரின் தென்கிழக்கே உள்ள ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் நின்றுவிடுகின்றன. ஆக்ராவுக்குச் செல்லும் கதிமான் எக்ஸ்பிரஸ் 2016-இல் தொடங்கப்பட்டபோது நிஜாமுதீனிலிருந்தே புறப்பட்டது. நிஜாமுதீனில் இறங்கி, நெரிசலில் பஹார்கஞ்ச் வரை சென்று அறை எடுத்து, மறுநாள் அதிகாலை ஆக்ரா ரயிலுக்காக மீண்டும் நிஜாமுதீனுக்கே ஓடி வரும் குடும்பங்கள் உண்டு. பயணச்சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரைப் பார்த்த பிறகே விடுதியைத் தேட வேண்டும்.

அறை வாடகைக் கணக்கையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. தமிழக லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்குப் பழகியவர்களுக்கு, தில்லியில் பரவலாக உள்ள நண்பகல் 12 மணிக் கணக்கு புதிது. காலை 7 மணிக்கு வந்து சேருபவர், ஐந்து மணி நேரம் வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும்; இல்லையேல் அரை நாள் வாடகை கூடுதலாகத் தர வேண்டும். ஒரு நாள் மட்டும் தங்குபவர்கள், ரயில்வேயின் ஓய்வறைகளைப் பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்தில் முன்பதிவு செய்ய முயலலாம். டிசம்பர், ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வாடிக்கை. நள்ளிரவில் வந்து சேர நேரிட்டால், நிலையத்துக்கு அருகில் எடுத்த அறையின் அருமை அப்போது தெரியும்.

எந்தப் பகுதி, யாருக்கு?

பஹார்கஞ்ச்: புது தில்லி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலுக்கு எதிரே இருக்கிறது. வாடகை குறைவு. மெயின் பஜாரும், அதற்கு வடக்கே உள்ள ஆராக்ஷான் சாலையும் விடுதிகளால் நிறைந்தவை. ஆனால் மெட்ரோ நிலையமும், விமான நிலையத்துக்கான விரைவு மெட்ரோவும் ரயில் நிலையத்தின் மறுபுறம், அஜ்மீரி கேட் பக்கம் உள்ளன. மெட்ரோவில் மஞ்சள் வழித்தடத்தில் வடக்கே இரண்டாவது நிலையம் சாந்தினி சௌக். அங்கிருந்து செங்கோட்டைக்கு நடந்து செல்லலாம். தெற்கே மூன்றாவது நிலையம் மத்தியத் தலைமைச் செயலகம். தனியாக அல்லது நண்பர்களுடன் வரும் இளைஞர்களுக்கு வசதி. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சந்துகளின் நெரிசலும் இரவு நேரச் சந்தடியும் சிரமம் தரும்.

கரோல் பாக்: சந்தைக்கு நடுவே தங்க விரும்பும் குடும்பங்களின் தேர்வு. நீல வழித்தடத்தில் இருப்பதால், வழக்குக்காக வருபவர்கள் வண்டி மாறாமலேயே உச்ச நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கலாம்.

கன்னாட் பிளேஸ்: இரண்டு முக்கிய மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கும் ராஜீவ் சௌக் இங்குதான். நேரம் மிச்சமாகும், வாடகை அதிகம். இரண்டே நாள் பயணம் என்றால், கூடுதல் வாடகையை ஆட்டோக் கட்டண மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மஹிபால்பூர்: விமான நிலையத்துக்கு அருகில் என்று விளம்பரம் செய்யப்படும் பகுதி. அதிகாலை விமானத்தைப் பிடிக்க ஒரு இரவு தங்குவதற்குப் பொருத்தம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இங்கு தங்கினால், நகரின் மையத்துக்கு ஒவ்வொரு நாளும் நெரிசல் மிக்க சாலையில் போய் வர வேண்டும். அருகிலுள்ள ஏரோசிட்டியில் விரைவு மெட்ரோ உண்டு. ஆனால் அங்குள்ளவை பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்கள்.

ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார்: தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகள். 1946-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும், மலை மந்திர் எனப்படும் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும் ராமகிருஷ்ணபுரத்தில் உள்ளன. யமுனைக்கு அப்பால் உள்ள மயூர் விஹார், இளஞ்சிவப்பு மெட்ரோ வழித்தடத்தில் நிஜாமுதீனுக்கு அடுத்த நிலையம். நீல வழித்தடத்தில் அக்ஷர்தாமுக்கு அடுத்த நிலையம். இங்கு விடுதிகள் குறைவு. உறவினர் வீடு இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

எந்தப் பகுதியானாலும் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் விடுதி இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 2002 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, தில்லியில் கிலோ மீட்டர் கணக்கைவிட நிலையக் கணக்கே பயன் தருகிறது. நாளையும் பார்க்க வேண்டும். திங்கள்கிழமைகளில் செங்கோட்டைக்கும், வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மஹாலுக்கும் விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களை ஒட்டி மையப் பகுதிச் சாலைகள் மூடப்படும். விடுதிகளில் போலீஸ் சோதனை கூடுதலாக இருக்கும்.

பிப்ரவரி 12-இன் பாடம்

வாடகையும் தூரமும் சரியாக இருந்தாலும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2019 பிப்ரவரி 12 அதிகாலை, கரோல் பாகில் மெட்ரோ பாதைக்கு அருகில் இருந்த ஒரு ஹோட்டலில் தீப்பிடித்தது. 17 பேர் உயிரிழந்தனர். உறங்கிக் கொண்டிருந்தவர்களில் பலர் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். உறவினர் திருமணத்துக்காகக் கேரளத்திலிருந்து வந்திருந்த குடும்பத்தில் மூவர் இறந்தனர். தாழ்வாரங்களில் இருந்த மரப்பலகை வேலைப்பாடுகளால் தப்பிச் செல்லும் வழி அடைபட்டதாகத் தீயணைப்புத் துறையினர் அப்போது தெரிவித்தனர். அந்த ஹோட்டலிடம் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இருந்தது. விபத்துக்குப் பிறகு நடந்த ஆய்வில் அப்பகுதியின் பல ஹோட்டல்களின் சான்றுகள் ரத்து செய்யப்பட்டன.

சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ் மட்டும் போதாது என்பதை அந்த அதிகாலை உணர்த்தியது. பெட்டியை அறையில் வைக்கும் முன் சில நிமிடங்களைச் செலவிடலாம். மின்தூக்கி தவிர இரண்டு படிக்கட்டுகள் உள்ளனவா? படிக்கட்டில் மூட்டைகளும் மெத்தைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? அறை ஜன்னல் வெளிப்புறம் திறக்கிறதா, அல்லது குளிர்சாதன வசதிக்காக நிரந்தரமாக அடைக்கப்பட்டிருக்கிறதா? தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் தெருவுக்கு இருக்கிறதா? கீழ்த் தளங்களில் அறை கேட்பது கௌரவக் குறைவல்ல. விடை திருப்தியளிக்காவிட்டால் முன்பணத்தை இழந்தாலும் வெளியேறுவதே மேல்.

பார்க்க வருவோரும் கேட்க வருவோரும்

தலைநகருக்கு வருபவர்கள் அனைவரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். உச்ச நீதிமன்ற வழக்குக்காரர், எய்ம்ஸ் மருத்துவமனையில் தேதி வாங்கிய நோயாளி, அமைச்சகத்தில் மனு கொடுக்க வந்தவர் ஆகியோரும் அதே விடுதிகளைத்தான் நாட வேண்டியுள்ளது. எய்ம்ஸுக்கு வருபவர்களுக்கு யூசுப் சராய், கௌதம் நகர், கிரீன் பார்க் பகுதிகள் அருகில் உள்ளன. அதற்கும் வசதி இல்லாதவர்கள் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதையிலும் இரவுக் காப்பகங்களிலும் படுத்திருக்கும் காட்சியைக் குளிர்காலத்தில் யாரும் காணலாம்.

செல்வாக்கு உள்ளவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. அதற்குப் பதவியோ பரிந்துரையோ வேண்டும். நார்த் அவென்யூ, சவுத் அவென்யூவில் எம்.பி.க்களின் குடியிருப்புகளில் தொகுதிக்காரர்கள் தங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம், அதற்கு எம்.பி.யைத் தெரிந்திருக்க வேண்டும். 2017-இல் வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கேட்டு வாரக்கணக்கில் ஜந்தர் மந்தரில் போராடிய தமிழக விவசாயிகளுக்கு, நாடாளுமன்றத்துக்கு மிக அருகில் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. அவர்கள் தங்கியது நடைபாதையில்.

ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் நடைபாதைக்கும் இடையே, பரிந்துரைக் கடிதம் இல்லாத குடிமகன் நியாயமான வாடகையில் அச்சமின்றி உறங்கும் இடத்தை மையத் தில்லி இன்னும் போதிய அளவு உருவாக்கவில்லை. நிலைமை மாறும் வரை, பயணச்சீட்டையும் மெட்ரோ வரைபடத்தையும் விடுதியின் படிக்கட்டையும் தாமே சரிபார்த்துக் கொள்ளும் பொறுப்பு பயணியின் தலையில்தான் விழுகிறது.