சிற்றுருவில் ஒரு கிளை இருப்புப்பாதை

இருப்புப்பாதை என்றவுடன் பெருநகரங்களை இணைக்கும் விரைவு வண்டிகளே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், நம் நாட்டுப்புற வாழ்வோடு ஒட்டி உறவாடியவை கிளைப்பாதைகளே ஆகும். ஒரு சந்திப்பு நிலையத்தில் பிரிந்து, ஏழெட்டுச் சிற்றூர்களைத் தொட்டுச் சென்று, கடலோரத்திலோ மலையடியிலோ முடிந்துபோகும் பாதை கிளைப்பாதை எனப்படும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை வண்டி வரும். ஊரார் அதனைக் கொண்டே பொழுதறிவர். அத்தகைய பாதையொன்றைச் சிற்றுருவில் எவ்வாறு அமைப்பது என்பதை, நம் துறை மாணவர்கள் கல்லூரிக் கண்காட்சிக்கென அமைத்த பட்டறிவைக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம். தமிழ்த்துறைக்கும் தண்டவாளத்துக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவினர். அவ்வினாவுக்குரிய விடை, கட்டுரையின் போக்கில் தானே வெளிப்படும்.

சிறுவர் விளையாட்டு எனப் பலரும் எண்ணும் இக்கலையை மேலைநாட்டில் முதியோரே பெரிதும் போற்றி வளர்த்தனர். எஞ்சின்களுக்கு முகமும் பேச்சும் தந்து சிறுவர்க்குக் கதைகள் எழுதிய ஆங்கிலப் பாதிரியார் ஆட்ரி, தம் கதைகளில் வரும் கிளைப்பாதை ஒன்றைத் தாமே சிற்றுருவில் அமைத்துக் கண்காட்சிகளில் இயக்கிக் காட்டினார். அவரினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தவர் ராய் இங்கிலண்டு என்பவர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925 இல் பிரிட்டன் சென்ற இவர், அங்குள்ள நாட்டுப்புறத்துக் கூரைவீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி மறைவதைக் கண்டு மனம் நொந்தார். தடுக்க இயலாததைப் பதிவாவது செய்வோம் எனத் துணிந்து, வீடுகளை அளந்து அவற்றின் சிற்றுருக்களைச் செய்யத் தொடங்கினார். அம்முயற்சியே 1954 இல் தோன்றிய பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1930களின் ஆங்கிலச் சிற்றூர்களையும் அவற்றினூடே ஓடும் வண்டிகளையும் இன்றும் அங்குக் காணலாம்.

நாம் தேர்ந்துகொண்டது திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளி செல்லும் பாதை. இதன் நீளம் 37 கிலோமீட்டர். 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறிய இடம் அகத்தியம்பள்ளியே என்பது அனைவரும் அறிந்தது. அவ்வூர் உப்பளங்களின் உப்பையும், அப்பகுதி மக்களையும் மீட்டர் பாதை வண்டிகள் பல்லாண்டு சுமந்தன. 2004 இல் வண்டிகள் நின்றன. பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2023 ஏப்ரல் 8 அன்று மீண்டும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. பாதை பிழைத்தது மகிழ்ச்சியே. ஆனால் பழைய மீட்டர் பாதை போயிற்று. அதனைக் கண்ணாற் கண்டோரும் ஒருவர் பின் ஒருவராகக் குறைந்து வருகின்றனர். எனவே 1960 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை நம் சிற்றுருவின் காலமாகக் கொண்டோம். காலத்தை வரையறுக்காமல் தொடங்குவது பெரும்பிழை. வரையறுக்காவிடின் நீராவி எஞ்சின் நிற்கும் நிலையத்தருகே கைப்பேசிக் கோபுரம் எழுந்துவிடும்!

அளவு

சிற்றுருக் கலையின் உயிர்நிலை அளவே. உலகில் மிகுதியும் வழங்குவது 1:87 என்னும் அளவு. உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர் சிற்றுருவில் ஒரு மில்லிமீட்டர் ஆகும். தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர் அகலமுடைய மீட்டர் பாதை இவ்வளவில் 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். கடைகளிற் கிடைப்பதோ 12 மில்லிமீட்டர்ப் பாதை. அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. இதில் ஒரு நன்மையும் உண்டு. 1:120 அளவில் செய்யப்படும் அயல்நாட்டு அகலமான பாதை எஞ்சின்களின் சக்கர இடைவெளியும் 12 மில்லிமீட்டரே. ஆகவே, அத்தகைய எஞ்சினொன்றின் மோட்டாரையும் சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு, மேற்கூட்டை மட்டும் தகரத்தாலும் அட்டையாலும் நம் நாட்டு ஒய்.பி. வகை எஞ்சினைப்போல் மாணவர்கள் செய்தனர். நம் மீட்டர் பாதைகளில் பரவலாக ஓடிய அவ்வகை எஞ்சின், நிலக்கரிப் பெட்டியோடு சேர்ந்து ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுடையது. சிற்றுருவில் 22 சென்டிமீட்டர். பாதையின் குறுக்குக்கட்டை 1.8 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அது 21 மில்லிமீட்டர் நீளமுள்ள ஈர்க்குப் போலாயிற்று.

இதுவரை கணக்கு இனிமையாகவே இருந்தது. அடுத்த கணக்கு எம்மைத் திகைக்க வைத்தது. 37 கிலோமீட்டர்ப் பாதையை 87 ஆல் வகுத்தால் 425 மீட்டர் வரும். நமக்கு ஒதுக்கப்பட்ட இடமோ ஒரு வகுப்பறையின் ஒரு சுவர். 3.6 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உடைய பலகையே அங்கு அமையும். இஃது உண்மை நிலத்தில் 313 மீட்டரே. ஒரு நிலையத்தைக்கூட முழுமையாக அடக்க இயலாது.

ஈண்டுத்தான் தமிழ் மாணவர்க்கு வேலை வந்தது. வழிநூலின் வகைகளைக் கூறும் தொல்காப்பியர், தொகுத்தலை முதலாவதாக வைக்கிறார். விரிந்த பொருளின் இயல்பு கெடாமல் சுருக்கித் தருவது அது. சிற்றுருப் பாதை அமைப்போர் செய்வதும் அதுவே. எதை வைப்பது, எதை விடுவது என்பதே இக்கலையில் கடினமான முடிவு. தச்சு வேலையும் மின்வேலையும் அதற்குப் பிற்பட்டவை. நாம் வேதாரணியம் நிலையத்தின் மேடையையும், அகத்தியம்பள்ளி இறுதி நிலையத்தையும், உப்பளத்தின் ஒரு மூலையையும் வைத்துக்கொண்டோம். எஞ்சிய ஊர்களையெல்லாம் ஒரு தட்டியின் மறைவுக்குத் தள்ளினோம். தட்டிக்குப் பின்னால் மூன்று தண்டவாளங்கள் உண்டு. அங்கு நிற்கும் வண்டி திருத்துறைப்பூண்டியில் நிற்பதாகப் பொருள். கூத்தில் திரைக்குப் பின்னால் அயோத்தியும் இலங்கையும் இருப்பதில்லையா? அதுபோலத்தான்.

வளைவு பற்றி ஒரு சொல். மீட்டர் பாதையில் இசைவளிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 109 மீட்டர். சிற்றுருவில் அது 1.25 மீட்டர். பொம்மை வண்டிகள் வட்டமடிக்கும் சிறு வளைவுகளோ இதில் மூன்றிலொரு பங்கு ஆரமே உடையவை. கண்ணுக்குப் பொம்மைத் தோற்றம் தருவது வண்டியன்று, அவ்வளைவே. காவிரிக் கழிமுகத்தின் சமநிலத்தில் பாதை நேராகவே செல்வதால் நமக்கு இத்தொல்லை இல்லை.

அமைத்தல்

சட்டங்களின்மேல் பலகை அடித்து, அதன்மேல் மெல்லிய தக்கைப் படலம் ஒட்டிப் பாதை பதித்தோம். தக்கை ஓசையை அடக்கும். சல்லிக்கல்லுக்குச் சலித்த மணல் போதும். மணலைத் தூவிச் சிறு தூரிகையால் ஒழுங்குபடுத்தியபின், நீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு துளி சவர்க்கார நீர் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சவர்க்காரம் சேராவிடின் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பனைமரங்களைத் திரித்த கம்பியாலும் விசிறியாக வெட்டிய தாளாலும் செய்தோம். முதலிற் செய்த இருபது மரங்களும் அணிவகுத்த காவலரைப்போல் ஒரே உயரத்தில் நின்றன. கடற்காற்றில் வளர்ந்த மரம் அவ்வாறு நில்லாது என்பதை அவ்வூர் மாணவர் ஒருவரே சுட்டினார், மீண்டும் செய்தோம்.

உப்பளத்தில் நேர்ந்த பிழையை மறைப்பானேன்? உப்பு அம்பாரத்துக்கு உப்பையன்றி வேறெதனை இடுவது என எண்ணி, உண்மையான கடலுப்பையே குவித்தோம். கோடையில் அழகாகவே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பு ஈரம் உறிஞ்சிக் கசிந்தது. கசிந்த நீர் தண்டவாளத்தை எட்டியது. சிற்றுருத் தண்டவாளம் செம்பு கலந்த நிக்கல் உலோகத்தால் ஆனது. அதன்மேல் பச்சைக் களிம்பு பூத்து மின்சாரம் தடைப்பட்டது. ஏறத்தாழ அரை மீட்டர்ப் பாதையைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. இப்பொழுது இருப்பது பளிங்குக்கல் தூள். பாத்திகளில் தேங்கிய உப்புநீருக்கு வார்னிஷ் பூச்சு.

மின்னமைப்பு எளியது. இரு தண்டவாளங்களும் ஒன்றையொன்று தொடாதவாறு காப்பிடப்பட்டிருக்கும். அவற்றின் வழியே 12 வோல்ட் நேர்மின்னோட்டம் செல்லும். சக்கரங்கள் அதனை எடுத்து மோட்டாருக்குத் தரும். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் மிகும். மின்முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கிச் செல்லும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனி எண் கொடுத்து ஆணைகளை அனுப்பும் எண்முறையும் இப்பொழுது உண்டு. ஒரே எஞ்சின் உள்ள நமக்கு அது வேண்டற்பாலதன்று. வேகத்தையும் அளவோடு கொள்ளவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது சிற்றுருவில் நொடிக்கு 13 சென்டிமீட்டரே. கண்காட்சிக்கு வரும் சிறுவர்கள் இதைக் கண்டு பொறுமை இழப்பர், இழக்கட்டும்.

இயக்கத்தின் சுவை முழுவதும் இறுதி நிலையத்தில் இருக்கிறது. வண்டியை இழுத்துவந்த எஞ்சின் இப்பொழுது வண்டிக்கும் பாதைமுனைக்கும் இடையில் சிக்கி நிற்கிறது. அது பெட்டிகளிலிருந்து கழன்று, முனைக்குச் சென்று, பக்கத்துப் பாதை வழியாகத் திரும்பி, வண்டியின் மறுதலையில் வந்து இணையவேண்டும். முனையில் எஞ்சின் முழுதாக நிற்க இடம் வேண்டும். நாம் அங்கு 20 சென்டிமீட்டர் மட்டுமே விட்டிருந்தோம், எஞ்சினோ 22. மேலே எழுதிய கணக்கை நாமே மறந்ததன் விளைவு!

கிளைப்பாதையின் கடைசிப் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே செல்லலாம் என்னும் முறை இருப்புப்பாதை விதிகளில் உண்டு. அதற்கு அடையாளமாக ஒரு கோல் இருக்கும். அக்கோல் ஓட்டுநர் கையில் இல்லாமல் வண்டி அப்பகுதிக்குள் நுழையலாகாது. கோல் ஒன்றே ஆதலின் வண்டியும் ஒன்றே, மோதலுக்கு இடமில்லை. நாமும் ஒரு மரக்கோல் செய்து, அதனைக் கையில் வைத்திருக்கும் மாணவரே வண்டியை இயக்கலாம் என விதித்தோம். கண்காட்சியின் மூன்று நாளும் மாணவரிடையே பூசலின்றிக் கழிந்தமைக்கு இவ்விதியே காரணம்.

ஓர் ஊர் விடுபட்ட கதை

கண்காட்சியின் இரண்டாம் நாள் முதியவர் ஒருவர் தம் பேரனுடன் வந்தார். நெடுநேரம் நின்று பார்த்தார். வண்டி தட்டிக்குப் பின்னிருந்து வந்து வேதாரணியத்தில் நின்றது. அவர் குனிந்து தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு, “தம்பி, தோப்புத்துறை எங்கே?” என்றார்.

வேதாரணியத்துக்கு முந்தைய நிலையம் அது. சிறு நிலையமாதலின் தொகுத்தலில் விட்டுவிட்டோம் என மாணவர் பணிவுடன் கூறினார். முதியவர் சினக்கவில்லை. “எங்க அத்தா 1958-ல தோப்புத்துறையிலதான் ரயிலேறுனாங்க. நாகப்பட்டினம் போயி ரஜூலா கப்பல்ல பினாங்குக்குச் சபர். எனக்கு அப்ப ஆறு வயசு. அந்த மேடையிலதான் கடைசியாப் பார்த்தேன்” என்றார். அவர் தந்தையார் அங்கேயே மவுத்தாகிவிட்டார் என்பதைப் பேரன் பிறகு சொன்னான்.

கிளைப்பாதையின் ஒரு முனை அகத்தியம்பள்ளி உப்பளம் என்றே நாம் எண்ணியிருந்தோம். திருத்துறைப்பூண்டியில் மாறித் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சென்று, அங்குக் கப்பலேறி மலாயாவில் பொருளீட்டச் சென்றோர்க்கு அதன் மறுமுனை பினாங்கில் இருந்தது. நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களுக்கு இக்கதை பொருந்தும்! தட்டிக்குப் பின்னால் தள்ளியவற்றுள் இதுவும் ஒன்று என்பதை அவர் வந்து கேட்கும்வரை நாம் உணரவில்லை.

அதன்பின் மூன்றாவது பலகையொன்று, 1.2 மீட்டர் நீளத்தில், இணைக்கப்பட்டது. அதில் தோப்புத்துறை மேடை உள்ளது. முதியவர் நினைவிலிருந்து கூறியவாறே தாழ்ந்த மண்மேடையும், அதன் ஒரு முனையில் பூவரச மரமும் அமைத்தோம். மரம் மேடையின் வடமுனையிலா தென்முனையிலா என்பதில் அவருக்கே ஐயம். முதலில் வடமுனையில் நட்டோம். மறுமுறை வந்தபோது சற்று நேரம் பார்த்திருந்து, வெயில் எந்தப் பக்கம் முகத்தில் அடித்தது என்பதை நினைவுகூர்ந்து, தென்முனைக்கு மாற்றச் சொன்னார், மாற்றினோம். மேடையில் மனித உருவங்கள் வைக்கலாமா என மாணவர்கள் வினவியதற்கு, வேண்டாம் என்றார். மேடை வெறுமையாகவே இருக்கிறது.

பழைய நிலையக் கட்டடங்களின் கூரை, சன்னல், பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு நம்மிடம் இன்னும் சரியான சான்றில்லை. ஆகவே அவை வண்ணம் பூசப்படாத அட்டையாகவே நிற்கின்றன. 2004 க்கு முன் அப்பாதையில் எடுத்த நிழற்படமோ, திருமணப் பயணத்தின்போது எடுத்த படத்தில் பின்னணியாக விழுந்த நிலையத்தின் ஒரு மூலையோ வைத்திருக்கும் பெரியோர்கள் துறைக்குத் தந்துதவ வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பித் தருவோம்.