சாணத்தில் கிடக்கும் மணிகள்

பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மணியாகி, நாமக்கல் வட்டாரத்துக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதே பயிரைக் கதிரோடு பச்சையாக வெட்டி, நறுக்கி, குழியிலோ மூட்டையிலோ காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்தால் அது கறவை மாட்டுக்கு ஊறுகாய்ப்புல்; இன்று ஊரெங்கும் வழங்கும் பெயரில், சைலேஜ். வைக்கோலையே நம்பியிருக்கும் திருச்சி வட்டார மாடுகளுக்கு இது பெரிய வரவு. ஆனால் சைலேஜ் போட்டும் பால் ஏறவில்லை என்றால் பழி உடனே மாட்டின் மேலோ விதையின் மேலோ விழுந்துவிடுகிறது. அதற்கு முன் ஒரு பிடி சாணத்தை வடிதட்டில் கழுவிப் பார்க்க வேண்டும். முழு மணிகள் மஞ்சளாக மிஞ்சினால், பாலாகியிருக்க வேண்டிய மாவுச்சத்து எருக்குழிக்குப் போகிறது என்று பொருள். சைலேஜ் எவ்வளவு செரிக்கும் என்பதில் பெரும்பங்கு, அது தொட்டிக்கு வரும் முன்பே, வெட்டும் நாளிலும் வெட்டும் விதத்திலும் முடிவாகிவிடுகிறது என்பதே என் வாதம்.

மாட்டின் அசையூண் வயிற்றில் நாரைச் செரிப்பவை மாட்டின் சொந்தச் சுரப்புகள் அல்ல, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை ஓர் இழையின் மேல் ஒட்டிக்கொண்டு அரித்தால்தான் அது உணவாகும். லிக்னின் என்னும் கட்டைத்தன்மை ஏறிய தட்டை அவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்பதால், மாடு அடுத்த வாய் தின்னவும் முடியாது. இழப்பு இங்கே இரட்டிப்பாகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓபாவும் ஆலனும் பல சோதனைகளைத் தொகுத்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், தீவன நாரின் செரிமானம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால் மாடு தின்னும் உலர் தீவனம் நாளொன்றுக்கு 0.17 கிலோவும், 4 சதவீதக் கொழுப்புக்குச் சரிசெய்த பால் 0.25 கிலோவும் கூடுவதாகக் கண்டார்கள். அவை நிறையக் கறக்கும் மாடுகள். எட்டு, பத்து லிட்டர் கறக்கும் நம் மாட்டுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அதே அளவு பால் கூடும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நம் மாட்டின் வயிற்றை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருப்பது சிலிக்கா மிகுந்த வைக்கோல். மிச்சமுள்ள சிறிய இடத்தில் போவது நன்றாகச் செரிக்க வேண்டிய கட்டாயம் நம் மாட்டுக்குத்தான் அதிகம். செரிமானம் கூடும் அளவுக்கு அடர்தீவனச் செலவையும் குறைக்கலாம்.

மணியின் கதை நாரின் கதையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். நம் நாட்டு வீரிய ரகங்களில் பெரும்பாலானவை ஆரஞ்சு மஞ்சளாக, கண்ணாடிபோல் கெட்டியாக முற்றும் மணி உடையவை. கோழிப் பண்ணைக்கு அந்த நிறமும் கெட்டித்தன்மையும் பிடித்தமானவை. பசுவுக்கு அதே குணம் தடை. கெட்டி மணியில் மாவுத்துகள்களைச் சுற்றி ஸெய்ன் என்னும் புரதம் சுவர்போல் இறுகிவிடுகிறது, நுண்ணுயிர்களால் எளிதில் உள்ளே நுழைய முடிவதில்லை. மேலைநாடுகளில் அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே இரட்டை உருளைகள் இருக்கும். அவை மணிகளை நசுக்கி அனுப்பும். அதனால் அங்கே பயிர் சற்று முற்றினாலும் சமாளிக்கிறார்கள். நம்மிடம் இருக்கும் சாஃப் கட்டர் தட்டையை நறுக்கும், மணியை நசுக்காது. மணி முற்ற முற்ற அதன் உச்சியிலிருந்து அடி நோக்கி இறங்கும் வெள்ளைக் கோடு பாதி தூரம் வந்திருக்கும்போது வெட்டுவதா, முக்கால் தூரம் வரட்டும் என்று காத்திருப்பதா என்ற கேள்விக்கு நம் விடை வேறாக இருக்க வேண்டியது இதனால்தான். இங்கே தாமதம், அவசரத்தைவிடப் பெரிய நஷ்டம். நகத்தால் கீறினால் மாவு பிதுங்கும் பருவத்தில் வெட்டினால், நறுக்கும் கத்தியும் மாட்டின் பல்லும் சேர்ந்து அந்த மணியை உடைத்துவிடும்.

அதற்காக மிக முன்னதாகவும் வெட்டக் கூடாது. நூறு கிராம் நறுக்கிய பயிரை முழுக்க உலர்த்தினால் 30 முதல் 35 கிராம் மிஞ்ச வேண்டும். 28-க்குக் கீழே போனால் குழியிலிருந்து சாறு வடிந்து சத்தும் போய்விடும். ஆவணி, புரட்டாசியில் விதைத்த பயிர் இந்தப் பதத்துக்கு வருவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் அல்லது கடைசியில். ஆகவே நாள் கணக்கை நம்புவதைவிட மணியையும் வானத்தையும் பார்த்து முடிவெடுப்பதே சரி. நறுக்கும் நீளம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். அடுக்கடுக்காக மிதித்து, காற்றை வெளியேற்றி மூடினால், லாக்டிக் அமிலம் பெருகி புளிப்பு pH 4 அளவில் நின்றுவிடும். மூன்று வாரத்தில் குழியைத் திறக்கலாம்தான். ஆனால் மூடியிருக்கும் மாதங்களில் அந்த ஸெய்ன் சுவர் மெல்லக் கரைகிறது, மணியின் மாவு மேலும் மேலும் செரிக்கத் தக்கதாகிறது. மார்கழியில் மூடியதைப் பங்குனியில் திறந்தால் இந்த ஆதாயம் பெருமளவு கிடைக்கும். திருச்சியில் பசும்புல் அற்றுப்போகும் காலமும் அதுவே.

மணியாக விற்றால் கிடைக்கும் காசை விட்டுவிட்டு ஏன் பச்சையாக வெட்ட வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. மணிக்கு விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில், மாடில்லாத விவசாயிக்கு நான் சைலேஜைப் பரிந்துரைக்கமாட்டேன். மாடு வைத்திருப்பவர் கணக்கு வேறு. மணியை விற்று, அதையே அடர்தீவன மூட்டையாகத் திரும்ப வாங்குகிறார். காய்ந்த தட்டையின் சத்தையும் இழக்கிறார். இன்னொரு பக்கம், நொதிப்பொடியும் ஈஸ்ட்டும் கலந்தால் செரித்துவிடும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சில சூழலில் அவற்றால் பலன் உண்டு. ஆனால் முற்றிய மணியை எந்தப் பொடியும் உடைக்காது. அந்தப் பணத்தில் நல்ல தார்ப்பாய் வாங்குவது மேல்.

ஒரு குறையைச் சைலேஜின் மேலேயே சொல்லியாக வேண்டும். அதில் புரதம் உலர் எடையில் எட்டு சதவீத அளவே. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் கிடைக்காவிட்டால் நல்ல நாரும் செரிக்காமல் போகும். வைக்கோலோடு சைலேஜை மட்டும் சேர்ப்பது ஏழையோடு ஏழையைச் சேர்ப்பதுதான். கடலைப் புண்ணாக்கு, வேலிமசால், அகத்தி இவற்றில் ஒன்றாவது உடன் போக வேண்டும். பழக்குவதும் இரண்டு வாரம் படிப்படியாக நடக்க வேண்டும். திருச்சிக் கோடையில், திறந்த குழியின் முகப்பு சீக்கிரம் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்; பூஞ்சை நஞ்சு பாலுக்கும் வரும். அன்றாடம் முகப்பு முழுவதிலும் அரை அடியாவது வெட்டி எடுத்தால் இதைத் தடுக்கலாம். இரண்டே மாடு உள்ளவருக்கு அகலக் குழி ஆகாது என்பதும் இதனால்தான். அவருக்குச் சிறு மூட்டைகளே ஏற்றவை.

ஸ்ரீரங்கம் தீவில் வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே மாடு வைத்திருப்பவர் பெரும்பாலும் கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்துதான் மூட்டை வாங்க வேண்டும். எடைக்கு விலை பேசுவது ஏமாற்றம், ஈரமும் எடைதான். எந்தப் பதத்தில் வெட்டியது, எப்போது மூடியது என்று கேட்க வேண்டும். கையளவு அள்ளி, உடையாத மணிகளை எண்ணிப் பார்க்கலாம். கொழுப்புக்கும் இதர திடப்பொருளுக்கும் விலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். மணி நசுக்கும் உருளை பொருத்திய வெட்டும் இயந்திரத்தைத் தனி விவசாயியால் வாங்க முடியாது. ஆனால் ஒரு வட்டாரத்தின் வயல்கள் எல்லாம் ஒரே நாளில் பதத்துக்கு வருவதில்லை. விதைப்பை ஒரு வார இடைவெளியில் பிரித்துவிட்டால், பல ஊர்ச் சங்கங்களுக்கு அப்படிப்பட்ட ஒரே இயந்திரம் சுற்றி வரலாம்.