சுரங்கத்துக்குப் பறப்பவர்கள் – 7: மாற்றாளுக்கு எழுதும் குறிப்பு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா இரும்புத் தாதுச் சுரங்கங்களுக்குப் பெர்த்திலிருந்து விமானம் ஏறுபவர்கள் 8 நாளோ 14 நாளோ கேம்ப்பில் தங்கி, தினம் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கிறார்கள். இந்த ரோஸ்டருக்கு உடம்பு பழகிய பிறகு ஒரு கவலை வரும்: அடுத்த படிக்கு எப்போது?

நன்றாக உழைத்தால் தானாக வரும் என்று நம்பி இருப்பவர்கள் பலர். நகரத்து ஆபீஸில் அது நடக்கலாம், மேலதிகாரி தினமும் பார்க்கிறார். சைட்டில் அவருக்கு ஒரு ரோஸ்டர், உங்களுக்கு ஒரு ரோஸ்டர். நீங்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்த வாரத்தில் அவர் பெர்த்தில் பிள்ளைகளோடு இருந்திருப்பார். திரும்பி வந்ததும் அவர் கண்ணில் படுவது நீங்கள் எழுதி வைத்துவிட்டுப் போன ஹேண்ட்ஓவர் குறிப்புதான்.

‘பம்ப் பார்த்தாயிற்று’ என்று ஒரு வரியோடு ஏர்போர்ட் பஸ் ஏறும் ஃபிட்டர் உண்டு. ‘இரண்டாம் பம்பின் சீல் கசிகிறது. புது சீல் ஸ்டோருக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை ஷட்டவுனில் மாற்றலாம். என் பூட்டைக் கழற்றிவிட்டேன்’ என்று எழுதுபவரும் உண்டு. அந்தக் கடைசி வரி சாதாரணமில்லை. பழுது பார்க்கும்போது இயந்திரம் ஓடிவிடாதபடி ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்ட வேண்டும். மாட்டியவர் மறந்துபோய் விமானம் ஏறிவிட்டால், அவரைப் போனில் பிடித்து, சைட்டில் இல்லை என்று உறுதிசெய்து, மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகே அதை அகற்றலாம். அதுவரை இயந்திரம் நிற்கும். லீடிங் ஹேண்ட் எனப்படும் குழுத் தலைவர் இடம் காலியாகும்போது, மறு ஸ்விங்கில் (வேலைச் சுற்றில்) உங்கள் குறிப்பைப் படித்து உங்கள் வேலையைத் தொடரும் மாற்றாளின் வாய்ச்சொல்லுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவரைப் போட்டியாளராக நினைப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

கேம்ப் சமையலறையிலும் துப்புரவிலும் தொடங்கி டிரேட் அசிஸ்டென்ட் (ஃபிட்டர் போன்றவர்களின் உதவியாளர்) ஆனவர்கள் நிறைய. ஓய்வு வாரத்தில் ரிக்கிங், ஃபோர்க்லிஃப்ட் என்று லைசென்ஸ்களை வாரிக் குவிக்காதீர்கள். உங்கள் குழுவில் எந்த லைசென்ஸ் உள்ள ஆளுக்குத் தட்டுப்பாடு என்று சூப்பர்வைசரிடமே கேட்டு, அந்த ஒன்றை எடுங்கள். மிச்ச நாட்கள் தூக்கத்துக்கும் வீட்டுக்கும். சூப்பர்வைசராக ஆசைப்பட்டால் அனுபவம் மட்டும் போதாது. 2022 மார்ச் 31 முதல் நடப்பில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு விதிகளில் அது சட்டப்படியான பொறுப்பு. அபாய மேலாண்மைப் பயிற்சியை முன்கூட்டியே முடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

லாரி ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ 2010-லேயே பெர்த்தில் தொலைதூரக் கட்டுப்பாட்டு மையம் திறந்துவிட்டது. ஓட்டுநர் இல்லாத லாரிகள் பில்பாராவின் பல சுரங்கங்களில் ஓடுகின்றன. ஆனால் மழைக்குப் பின் எந்தச் சரிவு வழுக்கும், எந்தத் திருப்பத்தில் புழுதி கண்ணை மறைக்கும் என்பது குழியில் கிடந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவோடு கணினித் திரையையும் பழகிக்கொள்ளும் ஓட்டுநருக்குக் கட்டுப்பாட்டு அறையில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. மையம் பெர்த்தில் இருந்தால், ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கே போய்விடலாம்.

(தொடரும்)