வளர்ச்சிப் படிப்பு: சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

மக்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு டெவலப்மென்ட் ஸ்டடீஸ் படிக்க வரும் பிள்ளைகள், தங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். சம்பளம், ஒப்பந்தம், பாதுகாப்பு பற்றிப் பேசினால் சேவை மனப்பான்மை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் அது. ஏமாற்றுபவர்களுக்கு அந்தத் தயக்கமே வசதியாகிவிடுகிறது. ஊர் மக்களின் உரிமைக்காகப் பேசப்போகிறவர், முதலில் தன் உரிமையை அறிந்திருக்க வேண்டும்.

படிப்பும் வேலையும்

பொருளியல், சமூகவியல், அரசியல், சுற்றுச்சூழல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, வறுமை ஏன் தொடர்கிறது, அரசுத் திட்டம் எந்த இடத்தில் தேங்குகிறது என்று ஆராயும் துறை இது. இங்கிலாந்தின் சசெக்ஸில் 1966இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. யுனெஸ்கோவில் உயர் பொறுப்பு வகித்த மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி ஆகிய இடங்களிலும் இந்தத் துறையில் முதுகலை படிக்கலாம்.

வேலை என்றால் ஐ.நா. மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டு அரசின் மகளிர் திட்டம், வாழ்ந்து காட்டுவோம் திட்டம், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், மதுரை தானம் அறக்கட்டளை, சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை போன்றவை இங்கேயே உள்ளன. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கவும், பலனை அளந்து சொல்லவும் ஆள் தேவைப்படுகிறது. புள்ளிவிவரக் கணக்கும் நல்ல அறிக்கை எழுதும் திறமையும் உள்ளவருக்கே அங்கே முதலிடம்.

கட்டணமும் கடனும்

வெளிநாட்டு முதுகலைக்குப் பல லட்சம் ரூபாய் கடன் வாங்குமுன், இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தை விசாரித்து மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கமான கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். உதவித்தொகையை முதலில் முயலுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். பட்டியலின மாணவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தியக் கல்லூரியில் சேர்ந்து மனம் மாறினால் பணம் போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு நடைமுறைச் செலவு போகக் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால் 80%, 30 நாளுக்குள் என்றால் 50%. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யுங்கள்.

போலி ஐ.நா. வேலை

'ஜெனீவாவில் வேலை உறுதி. விசாவுக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டுங்கள்' என்று கடிதம் வந்தால் அது மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் வாங்குவதில்லை. முத்திரையும் கையெழுத்தும் அசல் போலவே இருக்கலாம். கடிதத்தில் உள்ள வேலை ஐ.நா.வின் அதிகாரப்பூர்வ வேலைவாய்ப்புத் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

முகவர் மூலம் வெளிநாட்டு வேலைக்குப் போவதென்றால், 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதை வங்கி தடுக்க முடியும்.

இன்டர்ன்ஷிப்பிலும் கவனம் தேவை. ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவதில்லை. யூனிசெஃப், ஐ.எல்.ஓ. போன்ற அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்கிட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

'கன்சல்டன்ட்' என்ற பெயர்

தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் புதியவர்களை 'கன்சல்டன்ட்' என்று எடுக்கிறார்கள். சம்பளத்தில் 10% வருமான வரி பிடிப்பார்கள், பி.எஃப். இருக்காது, சம்பளத்துடன் விடுப்பும் இருக்காது. தினமும் அலுவலகம் வந்து, மேலாளர் சொல்கிற வேலையைச் செய்து, விடுப்புக்கு அனுமதி கேட்பவர் உண்மையில் ஊழியரே என்று வாதிட இடம் உண்டு. நீதிமன்றங்கள் ஒப்பந்தத்தின் தலைப்போடு நிற்காமல் வேலையின் தன்மையையும் பார்க்கின்றன. அதனால் வேலை ஆணை, வருகைப் பதிவு, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

களத்தில் பாதுகாப்பு

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பயிற்சியாளர், சம்பளமில்லாத தன்னார்வலர் ஆகியோரும் அதில் அடக்கம். வேலைக்காகப் போகும் கிராமமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் சட்டப்படி பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாத அவகாசம் தரலாம்.

நிதி நின்றால்

இந்தத் துறையின் வேலை பெரும்பாலும் பிறர் தரும் நிதியில் நடக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் அந்நாட்டின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவது முடிவுக்கு வந்தது. உலகெங்கும் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். பிரிட்டனும் தேசிய வருமானத்தில் 0.5% ஆக இருந்த உதவியை 2027க்குள் 0.3% ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 20%க்கு மேல் பயன்படுத்த முடியாது.

ஆகவே வேலையில் சேரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது? அந்த நிதி எந்த மாதம் வரை? இடையில் நின்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? வெளிநாட்டு நிதி என்றால் அதைப் பெறுவதற்கான நிறுவனத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பாருங்கள். மூன்று கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக் கேட்பதால் யாருடைய சேவை மனமும் குறைந்துவிடாது. நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். கடனும் அவமானமும் தாங்காமல் இரண்டே ஆண்டில் துறையை விட்டு ஓடுகிறவர்களால் எந்த ஊருக்கும் பயனில்லை. இருபது ஆண்டு நிலைத்து நிற்பவர்களே ஓர் ஊரின் நிலையை மாற்ற முடியும். அப்படி நிலைத்து நிற்பதற்காகவே முதல் நாளிலேயே இவற்றைக் கேட்க வேண்டும்.