யோங் பெங்கிலிருந்து கூகள் எவ்வளவு தூரம்?

கூகள், மெட்டா, நெட்ஃபிலிக்ஸ் போன்ற பெரும் நிறுவனங்கள் சின்ன இணையச் சேவை நிறுவனங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஒரு நினைப்பு உண்டு. அது பாதிதான் உண்மை. அவை இணையப் பரிமாற்ற நிலையங்களுக்கு வருவதே பலரோடு நேரடியாக இணையத்தான். ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் தாமான்களில் சில நூறு வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கும் ஒரு நிறுவனத்துக்கு உண்மையான தடை, அந்த நிலையம்வரை போய்ச் சேருவதுதான்.

மலேசியாவில் மைஐஎக்ஸ் பரிமாற்றம் 2006இல் தொடங்கியது. அங்கே நடப்பது எளிது. ஆளுக்கொரு சுவிட்சு போர்ட் எடுத்துக்கொண்டு, தத்தம் வலையமைப்பை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்ணோடு, எந்தெந்த முகவரிகள் தங்களிடம் இருக்கின்றன என்று பிஜிபி என்னும் நெறிமுறை வழியாக அறிவிக்கிறார்கள். வழிகளைத் திரட்டித் தரும் ரூட் சர்வரோடு (route server) ஒரே ஓர் இணைப்பு வைத்தாலே அதில் சேர்ந்துள்ள பலரின் வழிகள் கிடைத்துவிடும். ஒப்பந்தத் தாள்கூட அரிது. பேக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பு 2016இல் எடுத்த கணக்கின்படி, உலகில் இத்தகைய உடன்பாடுகளில் 99.9 விழுக்காடு வெறும் வாய்ச்சொல்தான்!

யோங் பெங்கிலிருந்து, பரிமாற்ற நிலையம் இருக்கும் ஜொகூர் பாரு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி போய்த் திரும்ப ஒரு மில்லி விநாடி போதும். ஆகவே தூரம் வேகத்தைக் கெடுப்பதில்லை, வாடகையைத்தான் ஏற்றுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையோரமாக டைம் தொலைத்தொடர்பு நிறுவனம் தொண்ணூறுகளிலேயே ஃபைபர் பதித்தது. ஆனால் கேபிள் ஊரைத் தாண்டிப் போவதும், நடுவழியில் அதில் கொள்ளளவு வாங்க முடிவதும் ஒன்றல்ல. நிறுவனங்களுக்கிடையிலான மொத்த விற்பனை விலைக்கு வரம்பு வந்தபின் 2018இல் வீட்டு இணையக் கட்டணம் இறங்கியதை நினைத்துப் பார்த்தால், பூட்டு எங்கே தொங்குகிறது என்பது புரியும்.

போக்குவரத்தை உண்டாக்கும் நிறுவனங்களே காசு கொடுக்கட்டுமே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தென்கொரியா அதைச் செய்து பார்த்தது. அங்குள்ள இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டுக்கும் நெட்ஃபிலிக்ஸுக்கும் 2020இல் மூண்ட வழக்கு 2023இல் சமரசத்தில் முடிந்தது. நேரலைக் காணொளித் தளமான டுவிட்ச் நிறுவனமோ கட்டணம் தாளவில்லை என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சேவையையே மூடிவிட்டது. படம் கேட்பவர்கள் சந்தாதாரர்கள்தான். அதைக் கொண்டுவந்து தருவதற்காகவே அவர்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

இன்னொரு மறுப்புக்கு எடை அதிகம். நெட்ஃபிலிக்ஸ் 2012 முதல் இலவசமாகத் தரும், படங்களை அருகிலேயே சேமித்து வைக்கும் கேஷ் சர்வர், குறிப்பிட்ட அளவு போக்குவரத்து உள்ளவர்களுக்கே கிடைக்கும். சிறியவர் தனியாக அந்த அளவை எட்டுவது கடினம். அதனால்தான் யோங் பெங் அடங்கிய பத்து பகாட் வட்டாரச் சிறு நிறுவனங்கள் ஜொகூர் பாருவுக்கு ஒரே வாடகை ஃபைபரைப் பங்கிட்டு எடுக்க வேண்டும் என்கிறேன். போட்டியாளர்களுக்குள் இது ஒத்துவராது என்று சொல்வதற்கில்லை. பரிமாற்ற நிலையமே போட்டியாளர்கள் கூடி நடத்தும் ஏற்பாடுதான்.

அடுத்த முறை சந்தா விற்க வருபவரிடம் "எத்தனை எம்பிபிஎஸ்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பரிமாற்ற நிலையத்தில் இணைந்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.