வளர்ப்புப் பிராணி வாணிகமும் திருநெல்வேலிச் சந்தையும்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் உத்தியோகம் ஒன்றையே நாடாது, சொந்தத் தொழில் நடத்த விழையும் இளைஞர் இந்நாளில் பலராயினர். இது வரவேற்கத் தக்கதே. ஆயினும் தொழில் நடத்தும் ஆசை வேறு. குறித்த ஓர் ஊரில் அத்தொழில் நிலைபெறுமா என ஆராயும் அறிவு வேறு. அவ்வறிவின்றிப் பெற்றோர் சேமித்த பொருளையும், தாயாரின் நகையையும், குடும்ப நிலத்தையும் ஈடாக வைத்துக் கடை திறப்போர் இழப்பது பணம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பையே இழக்கின்றனர். ஆதலால் ஒரு சந்தையை மதிப்பிடும் முறையினை, யாவருக்கும் விளங்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கு விளக்கப் புகுகின்றோம். நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளுக்குரிய உணவும் பொருள்களும் விற்று, அவற்றைக் குளிப்பாட்டி முடி திருத்தும் கடை ஒன்றைப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் 'பிராஞ்சைஸ்' உரிமையோடு திருநெல்வேலியில் திறக்கலாமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

முதற்கண் பிராஞ்சைஸ் என்பது யாதெனக் காண்போம். பிறரொருவர் நிலைநாட்டிய பெயரையும் நடைமுறையையும் விலை கொடுத்துப் பெற்று, நமது முதலைக் கொண்டு நாமே கடை நடத்துவது அது. பெயருக்குரியார் தொடக்கத்தில் ஒரு நுழைவுத் தொகை பெறுவர். பின்னர் விற்பனையில் நூற்றுக்கு இத்தனை என மாதந்தோறும் ராயல்டி பெறுவர். கடையைத் தாம் வரைந்தவாறே அமைக்க வேண்டுமென்றும், சரக்கைத் தம் வழியாகவே வாங்க வேண்டுமென்றும் விதிப்பதுமுண்டு. அதற்கு ஈடாகப் பெயர், பயிற்சி, விளம்பரம் ஆகியவற்றை அளிப்பர். இங்கு ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. ராயல்டி விற்பனையின் மேல் கணக்கிடப்படுவதே பெரும்பான்மை வழக்கம், இலாபத்தின் மேலன்று. எனவே கடைக்காரர் நட்டமடையும் மாதத்திலும் பெயருக்குரியார்க்கு வருவாய் உண்டு. இருவர் நலனும் ஒரே வழியிற் செல்வன போலத் தோன்றினும் முற்றும் ஒன்றல்ல. இதனாலேயே சந்தையை மதிப்பிடும் வேலையைப் பெயருக்குரியாரிடம் ஒப்படைத்தல் தகாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1979-ஆம் ஆண்டு முதல் இதற்கெனக் கூட்டாட்சி விதியொன்று நடைமுறையில் உள்ளது. அதன்படி, உரிமை விற்போர் தம் நிறுவனத்தின் வரலாறு, வழக்குகள், கட்டணங்கள், மூடப்பட்ட கடைகள் முதலியவற்றை எழுத்து மூலம் முன்னரே தெரிவித்தாக வேண்டும். கையொப்பமிடுவதற்கு 14 நாட்களேனும் முன்பாக அப்பத்திரம் வாங்குவோர் கையிற் சேர வேண்டும். இந்தியாவிலோ பிராஞ்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999-ஆம் ஆண்டின் வாணிகக் குறிச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களே துணை. ஆகவே அங்குச் சட்டம் கேட்டுத் தரும் விவரங்களை இங்கு நாமே கேட்டுப் பெறல் வேண்டும்.

இனிச் சந்தையின் எல்லையை வரையறுப்போம். திருநெல்வேலி என்றவுடன் மாவட்டம் முழுவதையும் கணக்கிற் சேர்த்தல் பிழை. 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டமையால், பழைய மாவட்டக் கணக்குகளை எடுத்தாள்வோர் தொகையை மிகைப்படுத்தி ஏமாறுவர். நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளிப்பாட்ட வருவோர் எத்துணைத் தொலைவு வருவர்? ஐந்து கல்லுக்கு மேல் அடிக்கடி வருவோர் சிலரே எனக் கொள்வது பாதுகாப்பானது. இந்நகரம் தாமிரபரணியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கின்றது. டவுன், சந்திப்பு, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்னும் பகுதிகள் ஒரே மாநகராட்சிக்கு உட்பட்டனவேனும், வாழ்க்கை முறையால் வேறுபட்டவை. நெருங்கிய தெருக்களையுடைய டவுனும், சுற்றுச்சுவரோடு தனி வீடுகள் அமைந்த பெருமாள்புரமும் நாய் வளர்ப்பில் ஒத்திரா. இசுலாமியர் மிகுந்து வாழும் மேலப்பாளையத்தில் நாயைக் காட்டிலும் பூனைக்கே வீட்டினுள் இடம் கிடைத்தல் கூடும். ஊரின் பெயர் ஒன்றாயினும் சந்தை பலவாகும் என்பதை மறத்தலாகாது.

அடுத்து எண்ணிக்கை. 1919 முதல் இந்நாட்டிற் கால்நடைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. அதன் 20-ஆவது கணக்கு 2019-க்கு உரியது. மக்கட்கணக்கோ 2011-க்குரியது, அதற்குப் பின் புதிய குடியிருப்புகள் பல எழுந்துவிட்டன. இவ்விரண்டும் பயன்படுவனவே; ஆயினும் நாய் இத்தனை என அறிவதால் நமது வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. நாய் எதனை உண்கின்றது, அதற்கு வீட்டார் எவ்வளவு செலவிடுகின்றனர் என்பதே அறிய வேண்டியது.

இதற்குத் தென்பாண்டி நாடே சிறந்த சான்று. விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரைத் தாங்கிய இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும், கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி நாயும் புகழ் பெற்றவை. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. நாய்மேற் பற்று இந்நாட்டில் புதிதன்று. ஆனால் இந்நாய்கள் குட்டை மயிரும் மெலிந்த உடலும் கொண்டு இவ்வெயிலுக்கு ஏற்ப அமைந்தவை. முடி திருத்துவோர் அவற்றுக்குத் தேவையில்லை. வீட்டிற் சமைத்த சோறும் மோரும் இறைச்சியும் உண்டு வளரும் நாய்க்குப் பையிலடைத்த உலருணவு வாங்குவோர் அரியர். மாறாக, நீண்ட அடர்மயிர் கொண்ட ஷிட்ஸு, கோல்டன் ரெட்ரீவர் போன்ற அயலின நாய்கள் வெப்பத்தாலும் உண்ணியாலும் வருந்துவன. அவற்றைக் குளிப்பாட்டவும் சீவவும் மயிர் குறைக்கவும் ஆள் வேண்டும். ஆகவே நூறு சிப்பிப்பாறை நாய்கள் உள்ள சிற்றூரினும் இருபது ஷிட்ஸு நாய்கள் உள்ள ஒரு தெரு இக்கடைக்கு மிகுந்த வருவாய் தருதல் கூடும். பிராணிப் பற்று சந்தையாகாது. பணப்பையினின்று வெளிப்படும் செலவே சந்தையாகும். இவ்வுண்மையே இக்கட்டுரையின் கருப்பொருள்.

அச்செலவை அறிவதெங்ஙனம்? வீடு வீடாகச் சென்று கேட்பதே வழி. நண்பர்களையும் நாயுடன் உலாவுவோரையும் மட்டும் கேட்டால் விடை மிகைப்படும். தெருக்களின் பட்டியல் எழுதி, சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, எடுத்த தெருவில் பத்து வீட்டுக்கொரு வீடாகக் கேட்டல் வேண்டும். கேட்கும் முறையும் முக்கியம். "இங்கு ஒரு நல்ல கடை வந்தால் வாங்குவீர்களா?" என்றால் மரியாதைக்காக எல்லோரும் ஆம் என்பர். "சென்ற மாதம் என்ன வாங்கினீர்கள்? எங்கு வாங்கினீர்கள்? என்ன விலை?" என்று கேட்டல் வேண்டும். நடந்து முடிந்ததைப் பற்றிய விடையே நம்பத்தக்கது.

பின்னர் இப்பொழுது விற்போரைக் கணக்கிடுக. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் விற்கும் பிராணிக் கடைகள் மட்டுமல்ல போட்டியாளர். நாயுணவுப் பை தொங்கும் மளிகைக் கடையும், மருந்தோடு உணவும் தரும் கால்நடை மருத்துவர் இல்லமும், வாயிலுக்கே கொண்டுவந்து தரும் இணையவழி வாணிகரும் போட்டியாளரே. உலருணவு எங்கு வாங்கினும் ஒன்றாதலால் விலை குறைந்த இடத்துக்கே செல்லும். நாயைக் குளிப்பாட்டுவதோ இணையத்தில் வந்து சேராது. ஆதலால் சேவையில் வரும் வருவாயே உள்ளூர்க் கடைக்கு அரண்.

இனி, எடுத்துக்காட்டின் பொருட்டு நாம் கற்பித்துக்கொண்ட எண்களால் ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். கடையைச் சுற்றி 30,000 குடும்பங்கள் உள்ளன என்க. 400 வீடுகளைக் கேட்டதில் 40 வீடுகளில் நாயோ பூனையோ இருந்தது. அவற்றுள் 10 வீட்டாரே கடையில் உணவு வாங்குபவர். அஃதாவது நூற்றுக்கு இரண்டரை. இதன்படி வாங்கும் குடும்பங்கள் 750. குடும்பமொன்று மாதம் ரூ. 1,200 செலவிட்டால் மொத்தச் சந்தை ரூ. 9,00,000. அதில் நாற்கூற்றில் ஒரு கூறு புதிய கடைக்குக் கிடைத்தால் விற்பனை ரூ. 2,25,000. சரக்கில் மிகுவது நூற்றுக்கு 20 எனில் ரூ. 45,000. ராயல்டி நூற்றுக்கு 6 எனில் ரூ. 13,500 போக, எஞ்சுவது ரூ. 31,500. வாடகை ரூ. 20,000, இரண்டு ஆட்களின் சம்பளம் ரூ. 24,000, மின்சாரம் முதலியன ரூ. 5,000 ஆகச் செலவு ரூ. 49,000. எனவே மாதந்தோறும் ரூ. 17,500 நட்டம். கடன் வட்டியும் உரிமையாளர் உழைப்பும் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

இச்செலவு ஈடாக வேண்டுமாயின் விற்பனை ரூ. 3,50,000 ஆதல் வேண்டும். அஃதாவது ஊரின் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு புதிய கடை ஒன்றுக்கே வந்தாக வேண்டும். இது எளிதோ என வாசகரே முடிவு செய்க. அதே கடையில் மாதம் 60 நாய்களைக் குளிப்பாட்டி, தலைக்கு ரூ. 600 பெற்றால் ரூ. 36,000 வரும். பயின்ற ஆளுக்கு ரூ. 15,000, சவர்க்காரம் முதலியவற்றுக்கு ரூ. 4,000, ராயல்டி ரூ. 2,160 போக ரூ. 14,840 மிஞ்சும், நட்டம் ரூ. 2,660 ஆகச் சுருங்கும். கடையைக் காப்பது அலமாரியன்று, குளியல் தொட்டியே என்பது இதனாற் புலப்படும்.

கணித மாணாக்கர் இங்கொரு தடை எழுப்புவர், அது நேரியதே. 400 வீடுகளில் 10 என்பது சிறு எண். தெரிந்தெடுத்த தெருக்கள் வேறாயிருப்பின் அதுவே 5 ஆகவோ 18 ஆகவோ அமைந்திருக்கலாம். அப்பொழுது 750 குடும்பங்கள் என்ற மதிப்பீடு 375 முதல் 1,350 வரை நெகிழும். ஆகையால் ஒரே எண்ணை நம்பாது, குறைந்த எண்ணைக் கொண்டும் கணக்கிட்டு, அதனைத் தாங்க நமது முதல் போதுமா என நோக்குதல் அறிவுடைமை.

உயிருள்ள பிராணிகளையும் விற்க எண்ணுவோர்க்கு வேறு சில கடமைகளும் உண்டு. 2018-ஆம் ஆண்டின் பிராணிக் கடை விதிகளின்படி அத்தகைய கடை மாநிலப் பிராணி நல வாரியத்திற் பதிவு பெறல் வேண்டும். இடம், காற்று, தூய்மை ஆகியவற்றுக்கு அளவுகள் உள. 2017-ஆம் ஆண்டின் நாய் இனவிருத்தி விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பதைத் தடுக்கின்றன. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றை விற்றல் குற்றம். பிற நாடுகளிற் சட்டம் செல்லும் திசையும் நோக்கத் தக்கது. கலிபோர்னியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், காப்பகங்களிலிருந்து வந்தனவற்றைத் தவிர வேறு நாய், பூனை, முயல்களைக் கடைகள் விற்பதைத் தடுத்தது. இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளை இடைவாணிகர் விற்றல் ஆகாது. குட்டி விற்பனையை நம்பிப் பத்தாண்டு ஒப்பந்தம் செய்வோர் இதனைச் சிந்தித்தல் நன்று. அன்றியும், விற்கப்படாத பை அலமாரியிற் கிடக்கும். விற்கப்படாத குட்டியோ கூண்டிற் கிடந்து வருந்தும். பிழைபட்ட கணக்கின் துன்பத்தை வாயில்லாப் பிராணியின் மேற் சுமத்துதல் அறமாகாது.

ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டுவன சிலவே. இவ்வெல்லைக்குள் வேறொருவர்க்கு உரிமை தரப்படுமா? நிறுவனமே இணையவழி இவ்வூரில் விற்றால் அதில் நமக்குப் பங்குண்டா? சரக்கைப் பிறரிடம் வாங்கலாமா? இடையில் விலகினால் யாது இழப்பு? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறுக. சென்னையை ஒத்த பெருநகர்களில் நடக்கும் கடைகளின் கணக்கைக் காட்டினால் அமையாது; இந்நகரை ஒத்த ஊர்களிற் கடை நடத்துவோரையும், சிறப்பாகக் கடையை மூடியோரையும் நேரிற் கண்டு பேசுக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. அச்சிட்ட இலாபக் கணக்கும் அத்தகையதே.

இவ்வளவும் ஆராய்ந்த பின் விடை 'இல்லை' என வருமாயின் உள்ளம் தளர வேண்டா. வேண்டாத கடையைத் திறவாமை பெரும் இலாபம். பெருநிறுவனத்தின் பெயரின்றிச் சிறிய குளியற் கூடம் ஒன்றைக் குறைந்த வாடகையில் தொடங்கி ஓராண்டு நடத்திப் பார்த்தலும் ஒரு வழியே. அருகில் இராமையன்பட்டியில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருத்தலின், அறிந்தோரைக் கலந்து பிராணிகளைப் பேணும் முறை கற்கவும் இவ்வூரில் வாய்ப்புண்டு. விடை 'ஆம்' என வருமாயின், அது பெயருக்குரியார் சொன்ன 'ஆம்' அன்று. தெருத்தெருவாய் நடந்து நாமே கண்ட 'ஆம்' ஆகும். கடன் கொடுக்கும் வங்கியின் முன்னும், நகையைக் கழற்றித் தரும் தாயின் முன்னும் தலைநிமிர்ந்து சொல்லத் தக்கது அவ்விடை ஒன்றே.