வென்றவனும் வெல்ல வேண்டும்

2014 செப்டம்பர் 6, கொலம்பஸ் நகரம். லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்த சொந்த மைதானத்தில், தரவரிசையில் 8-வது இடத்திலிருந்த ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, பட்டியலிலேயே இல்லாத வர்ஜீனியா டெக்கிடம் 21-35 என்று மண்ணைக் கவ்வியது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பது பெரும்பாலும் கையில்) வழக்கமான ஆட்டங்கள் 12தான். முந்தைய ஆண்டுவரை பட்டத்துக்கு மோத இரண்டே அணிகளுக்கு இடம். பருவத் தொடக்கத்தில் ஒரு சறுக்கல் என்றாலே ரசிகர் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒஹையோ ரசிகர் நம்பிக்கை வைக்கக் காரணம் இருந்தது. பந்து வீசி ஆட்டத்தை நடத்திய ஜே.டி. பாரெட்டுக்கு அது இரண்டாவது ஆட்டம்தான். காயமடைந்த பிராக்ஸ்டன் மில்லருக்குப் பதிலாக வந்தவர். தேறிவிடுவார். தவிர, அந்த ஆண்டு முதல் நான்கு அணிகளுக்கு இடம்.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நால்வரைப் பொறுக்கும் தேர்வுக் குழு, யாரிடம் தோற்றாய் என்றும் பார்க்கும். ஆகவே தன் அணியைச் சாய்த்தவர்களே ஜெயிக்க வேண்டும் என்று ரசிகர் வேண்டிக்கொள்ள வேண்டிய நிலை! அவர்களோ அடுத்த வாரமே ஈஸ்ட் கரோலினாவிடம் தோற்றார்கள். அந்தப் பருவத்தில் மொத்தம் ஆறு தோல்விகள்.

பாரெட் தேறினார், நவம்பரில் கணுக்கால் முறிந்தது. மூன்றாம் ஆளான கார்டேல் ஜோன்ஸ் தலைமையில் விஸ்கான்சினை 59-0 என்று துவைத்த பிறகே நான்காவது இடம் கிடைத்தது. பிறகு அலபாமா, 2015 ஜனவரி 12-ல் ஆரிகனை 42-20 என்று வென்று பட்டம்.

2024-ல் இடங்கள் 12 ஆயின. அந்தப் பருவத்தில் இருமுறை தோற்றும் ஒஹையோ ஸ்டேட்டுக்கே மறுபடி பட்டம்.